பால் கணக்கு எழுதுகிறீர்கள்... வலி மாத்திரைக் கணக்கு?

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயோ, பீரோ ஓரத்திலேயோ ஒரு பழைய ஸ்வீட் டப்பா இருக்கும். இப்போதே எழுந்து போய் அதைத் திறந்து பாருங்கள். பாதி கிழிந்த மாத்திரை அட்டைகள், பெயர் அழிந்துபோன இரண்டு கேப்ஸ்யூல், போன தீபாவளிக்கு மாமாவுக்கு இடுப்புப் பிடித்தபோது வாங்கியதில் மிச்சம், பல் பிடுங்கியபோது பல் டாக்டர் எழுதிக் கொடுத்ததில் மிச்சம்... எல்லாம் கலந்து கிடக்கும். வீட்டில் யாருக்கு வலி வந்தாலும் அந்த டப்பாவில்தான் முதலில் கை போகும்.

பால் எத்தனை பாக்கெட் என்று காலண்டரில் குறிக்கிறோம். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி எழுதுகிறோம். ஆனால் போன மாதம் நீங்கள் எத்தனை வலி மாத்திரை விழுங்கினீர்கள் என்று கேட்டால்? "அது கணக்கு வெச்சுக்கலையே டாக்டர்" என்றுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

சித்த வைத்தியர் எழுதுகிறார், இனி ஆங்கில மாத்திரையைத் திட்டித் தீர்க்கப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வலி மாத்திரை நல்ல மருந்து. மூட்டுவலியில் இரவெல்லாம் தூங்காமல் தவிக்கிறவருக்கு நாலு நாள் தூக்கம் கொடுக்கிற மருந்தை நான் ஏன் திட்ட வேண்டும்? என் சண்டை மாத்திரையோடு இல்லை. கணக்கில்லாமல் விழுங்குவதோடுதான்.

குழாய், தொட்டி, ஃபில்டர்

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய சல்லடைகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரைச் சிறுநீராக அனுப்பிவிட்டு மீதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடுகின்றன. சல்லடை வேலை செய்ய அழுத்தம் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால்தானே கீழே ஃபில்டரில் சொட்டும்? அதுபோல.

சல்லடைக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாயை விரிய வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருள். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிறதும் இதே பொருள்தான். வயிற்றின் உட்சுவரைப் புளிப்பிலிருந்து காப்பாற்றுகிறதும் இதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன், நாப்ராக்ஸன் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. மூட்டில் வலி குறைகிறது. அதே நேரத்தில் சிறுநீரகத்துக்கு வரும் குழாயும் சுருங்குகிறது. 'மூட்டுக்கு மட்டும் போ, கிட்னிக்குப் போகாதே' என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது!

இளம் வயது, நல்ல ஆரோக்கியம், வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறவர் என்றால் நாலைந்து நாள் மாத்திரையைச் சிறுநீரகம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், இருதயம் பலவீனமானவர், இவர்களோடு முக்கியமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்.

பி.பி. மாத்திரை எப்படி இதில் வந்தது? ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகை மாத்திரைகள் சல்லடையிலிருந்து ரத்தம் வெளியே போகிற குழாயை அகலமாக்குகின்றன. சிறுநீரகத்துக்கு அது நல்லதுதான், அதனால்தான் கொடுக்கிறார்கள். இன்னொரு வகை, நீரை வெளியேற்றும் மாத்திரை. உங்கள் பி.பி. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதுவும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இப்போது இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால்? தொட்டியில் தண்ணீர் குறைவு, வருகிற குழாய் இறுக்கம், போகிற குழாய் அகலம். ஃபில்டரில் அழுத்தம் எங்கிருந்து வரும்? தனித்தனியே நல்ல மருந்துகளான மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிறுநீரகம் திடீரென்று சோர்ந்து போகலாம். அதிலும் வாந்தி, பேதி, கடும் வெயில் என்று உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாளில் மிகவும் ஆபத்து.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வியர்த்துக் கொட்டக் கொட்ட நடப்பார்கள், கால் வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி நடப்பார்கள். முருகன் மேல் பாரத்தைப் போடுவது சரி, கிட்னி மேலும் போட வேண்டாம். நடக்கிற நாட்களில் வலி மாத்திரையைத் தவிர்த்து எண்ணெய் தடவி, காலை உயர்த்தி வைத்துப் படுங்கள்.

'மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குது, அதனால ஊசியாப் போட்டுக்கறேன்' என்பார்கள் சிலர். ஊசி வழியாகப் போனாலும் மருந்து ரத்தத்தில்தான் கலக்கிறது. வயிற்றுக்குக் கூட அது முழுப் பாதுகாப்பு இல்லை. கிட்னிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தில் என்ன செய்யும் என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்தவை பிணந்தின்னிக் கழுகுகள். 1990களில் இந்தியா முழுக்க அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் பல வருஷம் புரியவில்லை. வலிக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், மாடு செத்த பிறகும் சதையில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை நாசம் செய்தது என்று 2004ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சம் இருக்கிற கழுகுகள் இன்னும் பிழைத்துக் கிடக்கின்றன. மனிதனுக்குத் தாங்கும் சக்தி அவற்றைவிட எவ்வளவோ அதிகம், பயப்பட வேண்டாம். ஆனால் அதே மருந்துதான் உங்கள் ஸ்வீட் டப்பாவிலும் இருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர் தம்பி"

அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எங்கள் மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்போம். சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. மருமகள் அழைத்துவந்தார்.

"தினமும் எத்தனை வலி மாத்திரைம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர் தம்பி. அதுவும் தாங்க முடியலேன்னாத்தான்."

"இல்லீங்க அத்தை, ராத்திரி ஒண்ணு போடறீங்களே" என்றார் மருமகள்.

"அது தூக்கத்துக்குடி!"

பையைக் கவிழ்க்கச் சொன்னேன். எலும்பு டாக்டர் எழுதியது ஒன்று. முதுகுவலிக்குத் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது ஒன்று. 'தூக்கத்துக்கு' என்று வீட்டுக்காரர் கொடுத்தது, அவருடைய கழுத்துவலி மாத்திரை! மூன்று அட்டை, மூன்று கம்பெனி, மூன்று நிறம். கீழே பொடி எழுத்தில் பார்த்தால் இரண்டில் அசிக்ளோஃபெனாக், ஒன்றில் டைக்ளோஃபெனாக். மூன்றும் ஒரே வேலை செய்கிற மருந்துகள். எலும்பு டாக்டருக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை தெரியாது. மெடிக்கல் ஷாப்காரருக்கு எலும்பு டாக்டர் தெரியாது. வீட்டுக்காரருக்கு எதுவுமே தெரியாது!

ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 1.2 என்று இருந்தது. 'நார்மல்தானே, எல்லைக்குள்ளதானே இருக்கு' என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ள முப்பது வயது ஆணுக்கு 1.2 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 80க்கு மேல் இருக்கும். பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே 1.2, அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு வந்தால் வேகம் 50 அளவில்தான் இருக்கிறது. 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே அது சிறுநீரக நோய்க் கணக்கில் சேரும். ஒரே எண், இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம்! ஆகவே கிரியாட்டினினை மட்டும் பார்க்காமல் 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' எவ்வளவு என்று கேளுங்கள். பல லேப்களில் அதையும் அச்சிட்டே கொடுக்கிறார்கள்.

அந்த அம்மாவைச் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பினேன். மூன்று அட்டையும் நிறுத்தப்பட்டன. மூன்று மாதத்தில் கிரியாட்டினின் 0.9க்கு இறங்கியது. கெடுதல் ஆரம்பத்திலேயே தெரிந்தால் இப்படித் திரும்பி வரும். வருஷக்கணக்கில் சல்லடை தழும்பாகிவிட்டால் திரும்பாது. சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடும்வரை வலிக்காது, கத்தாது என்பதுதான் இதில் கஷ்டமே.

கல்லீரலின் கணக்கு வேறு

பாராசிட்டமால் மேலே சொன்ன ரகத்தில் சேராது. சொன்ன அளவில் சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கு அது எவ்வளவோ தேவலை. வயதானவர்களுக்கு டாக்டர்கள் முதலில் அதை எழுதுவதும் அதனால்தான். ஆனால் இதன் எல்லைக்கோடு கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் பாராசிட்டமாலை உடைக்கும்போது ஒரு சிறு பகுதி நச்சாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனே துடைத்துவிடும். மாத்திரை அளவு மீறினால் துடைக்கிற துணி தீர்ந்துபோகும். பிறகு நச்சு கல்லீரல் செல்களையே அரிக்கும்.

எங்கள் குணபாடத்தில் குன்றிமணி என்று ஒரு எடை உண்டு, 130 மில்லிகிராம். நீங்கள் காய்ச்சலுக்குப் போடும் 650 மாத்திரை சரியாக ஐந்து குன்றிமணி! நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம்தான் உச்ச எல்லை. மெலிந்தவர், தினமும் மது குடிக்கிறவர், ஏற்கெனவே ஈரல் கோளாறு உள்ளவர் என்றால் அதில் பாதி, 2,000 என்று வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடக்கூடாது.

'நாலாயிரமா? யார் அவ்வளவு சாப்பிடுவாங்க?' என்கிறீர்களா? ஜலதோஷம், காய்ச்சல் வந்த மூட்டுவலிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூட்டுக்குக் கலப்பு மாத்திரை காலை, மாலை. அதில் அசிக்ளோஃபெனாக்கோடு 325 பாராசிட்டமாலும் இருக்கிறது. ஆக 650. காய்ச்சலுக்கு 650 மாத்திரை மூன்று வேளை, ஆக 1,950. மூக்கடைப்புக்கு 'கோல்டு' மாத்திரை மூன்று வேளை. சிலவற்றில் 500 பாராசிட்டமால் இருக்கிறது, ஆக 1,500. கூட்டினால் 4,100! மூன்றும் வேறு வேறு மாத்திரை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

பட்டினி கிடக்கும்போது குளூட்டாதயோன் குறைகிறது. ஏகாதசி, கிருத்திகை என்று ஒருவேளையும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, தலைவலிக்கு மாத்திரை மேல் மாத்திரை போடும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவு குடித்துவிட்டுக் காலையில் தலைவலிக்கு இதைத் தினமும் போடுகிற ஆண்களும்தான்.

தப்பித்தவறி அளவு மீறிவிட்டால்? முதல் நாள் வெறும் குமட்டல், வாந்தி, சோர்வுதான் இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. 'ஒண்ணும் ஆகலையே' என்று வீட்டில் உட்காரக் கூடாது. இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல முறிமருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காலி அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.

டைக்ளோஃபெனாக் கல்லீரலையும் சிலருக்குத் தாக்கும். நெடுநாள் சாப்பிட வேண்டியிருந்தால் தொடங்கிய நாலு முதல் எட்டு வாரத்துக்குள் ஈரல் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது முறை. நிமசுலைடு என்ற மாத்திரையும் ஈரல் சம்பந்தமாகச் சந்தேகத்துக்குப் பேர்போனது. 2011லேயே நம் நாட்டில் 12 வயதுக்குக் கீழே தடை செய்துவிட்டார்கள். டப்பாவில் இருந்தால் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கீழாநெல்லி கணக்கை நேர் செய்யாது

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "மாத்திரையை விட முடியலை. கூடவே லிவருக்கு கீழாநெல்லி, கிட்னிக்கு நெருஞ்சில் கஷாயம் சாப்பிட்டா சரியாப் போயிடுமில்லையா?"

போகாது. காமாலைக்குக் கீழாநெல்லியைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வருகிறோம், நானும் கொடுக்கிறேன். ஆனால் காலையில் மாத்திரை பற்று, மாலையில் மூலிகை வரவு என்று கணக்கை நேர் செய்கிற வித்தை அதற்குத் தெரியும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நெருஞ்சில், சிறுபீளை எல்லாம் நீரைப் பெருக்கி வெளியேற்றும் சரக்குகள். வலி மாத்திரையும் ஹெச் போட்ட பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்துக் குடித்தால் தொட்டியில் இருக்கிற தண்ணீரும் போய்விடும். மூலிகை என்றால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே சுத்தி, அளவு, பத்தியம் மூன்றும்தான்.

ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டையும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். அவற்றின் இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சாப்பிட்ட மூலிகை மருந்தில் இதே இனம் கலந்துபோய்ப் பல பெண்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயத்தைத் தாங்களாகவே நெடுநாள் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். சீந்தில் மேல் குற்றமில்லை, அதே தோற்றமுள்ள வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. விவாதம் எப்படியோ போகட்டும். கொடியைச் சரியாக அடையாளம் தெரியாதவர், ஈரல் கோளாறு உள்ளவர், தானாகப் பறித்துக் கொதிக்க வைக்க வேண்டாம்.

ரசம், பாஷாணம் சேர்ந்த செந்தூரம், மெழுகு வகைகள் படித்த வைத்தியரின் கண்காணிப்பில், நாள் கணக்கோடு சாப்பிட வேண்டியவை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு நான் அவற்றை எழுதுவதில்லை. பிறகு, பெயரும் லைசென்ஸ் நம்பரும் இல்லாத 'மூட்டுவலிச் சூரணம்' ஒன்று தெருத்தெருவாக வருகிறதே, அதைத் தொடாதீர்கள். சித்த மருந்தில் மூட்டுவலி இரண்டே வேளையில் மறையாது. அப்படி மறைந்தால் உள்ளே ஸ்டீராய்டோ, டைக்ளோஃபெனாக்கோ பொடித்துக் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் உப்பியிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

என்ன எழுதுவது, யாரிடம் காட்டுவது?

காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மாத்திரையின் கம்பெனிப் பெயரை எழுத வேண்டாம், அட்டையில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவான். ஊசி, தைலம், கஷாயம், லேகியம் எல்லாம் அதே தாளில். எந்த டாக்டரிடம் போனாலும், என்னைப் போன்ற வைத்தியரிடம் வந்தாலும், முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். எல்லா டாக்டர்களுடைய சீட்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடியவர் வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் வலி மாத்திரை விழுந்திருக்கிறது என்று தாள் காட்டினால், கிரியாட்டினின் (ஈ.ஜி.எஃப்.ஆரோடு), சிறுநீரில் அல்புமின், எஸ்.ஜி.பி.டி., பொட்டாசியம், ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். சிறுநீரில் நுரை, கால் வீக்கம், சிறுநீர் குறைதல், கண்ணில் மஞ்சள், கறுத்த மலம் என்று எது தெரிந்தாலும் அன்றே போக வேண்டும். வாந்தி பேதி நாளில் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, பி.பி., சர்க்கரை மாத்திரைகளை என்ன செய்வது என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இதைப் படித்துவிட்டு இருதயத்துக்கான ஆஸ்பிரினை யாரும் நிறுத்திவிடாதீர்கள்! முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் ஒன்று நினைவில் வைக்கவும். அது வாரம் ஒரு முறை மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரைக்காரர்களுக்கு இரவில் வரும் உள்ளங்கால் எரிச்சல் நரம்பு வலி. டைக்ளோஃபெனாக் வகை அதற்குப் பெரும்பாலும் பயன்படாது, கிட்னிக்குத் தண்டச் செலவு. அதற்கு வேறு மருந்துகள் உண்டு, அவற்றின் அளவையும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

'அப்படின்னா வலியோடயே கிடக்கணுமா?' வேண்டாம். மேலே தடவுகிற வழி இருக்கிறது. டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்காலில் தடவினால் மாத்திரையோடு ஒப்பிடும்போது ரத்தத்தில் சேருவது சுமார் 6 சதவிகிதம்தான். எங்கள் உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலமும் வெளிப்பூச்சுதான். உடம்பு கனமானவர் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத்தசை பலமானால் மூட்டின் சுமையை அது வாங்கிக்கொள்ளும்.

ஒற்றடத்துக்கு நொச்சி இலை இரண்டு கைப்பிடி போதும். இரும்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு இலையை வதக்கி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் பதத்தில் முழங்காலைச் சுற்றி ஒத்தி ஒத்தி எடுங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிஷம். மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் வேண்டாம். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், சூடு சரியா என்று தாங்களே பார்க்காமல், வீட்டில் வேறொருவர் புறங்கையில் வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகே ஒத்த வேண்டும்.